பின்சுவருக்கு இரண்டு டின்

மார்ச் 9, திங்கள். லாங் ஐலண்ட், அந்தமான்

காலையிலேயே சுள்ளென்று வெயில். மழை பெய்து ஏழு வாரம். கிணறு இன்னும் ஒரு முழம் இறங்கிவிட்டது. குளிக்க ஆளுக்கு ஒரு வாளிதான் என்று மர மில் கேம்ப் முழுக்கச் சொல்லியாயிற்று.

சனிக்கிழமைக் கப்பலில் வந்த பொட்டலத்தைப் பிரித்தேன். புதுக் கிரிஸ்டல். தீப்பெட்டியில் பாதி இருக்கும், கீழே இரண்டு கால். பழையதைப் பிடுங்கிவிட்டு இதைச் செருகவேண்டும், அவ்வளவுதான். வயர்லெஸ் செட் எந்த அலைவரிசையில் பேசவேண்டும் என்று தீர்மானிப்பது இந்தப் பொடிப் பயல். இன்று காலை எட்டு மணியிலிருந்து தீவு ஸ்டேஷன்கள் எல்லாமே புது அலைவரிசை. பழையதில் கேட்க இனி ஆள் கிடையாது.

8 மணி: போர்ட் பிளேர் நாயர் உடனே பதில். ஏரியலுக்குப் போகிற சக்தியைக் காட்டும் மீட்டர் முள் ஆறில். பரம திருப்தி. நாயரும் நானும் ஒரு வருஷமாகத் தினம் மூன்று வேளை பேசுகிறோம், முகம் பார்த்ததில்லை. அவர் மோர்ஸ் கீ தட்டுவதை வைத்தே ஜலதோஷமா என்று சொல்லிவிடுவேன். இன்று சொன்னார்: தீவுகளிலேயே உன் சிக்னல்தான் கணீர். மனைவி கோமதிக்குக் கடிதத்தில் எழுதவேண்டும். (ஏற்கெனவே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். மூன்றாவது தடவை எழுதினால் பாளையங்கோட்டையில் சிரிப்பார்கள். எழுதுவேன்.)

மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வருகிறார். புதுக் கிரிஸ்டலோடு மற்றதும் புதிதாக இருக்கட்டும் என்று ஒரே மூச்சில் வேலை. செட்டைத் துடைத்தேன். பாட்டரிக்கு வாசலின். ஜன்னலுக்குப் பச்சை பெயிண்ட், கொஞ்சம் வேட்டிக்கும்.

அப்புறம் அந்த மீன் நாற்றம். ஸ்டேஷன் பின்சுவரை ஒட்டி யுத்த காலத்தில் ஜப்பான்காரன் போட்டுவிட்டுப் போன சிமென்ட் மேடை ஒன்று இருக்கிறது. சூசையம்மா தினமும் காலையில் அதில்தான் மீன் கழுவுவாள். புருஷன் லூர்து வலை போடுவான், இவள் கழுவி மில் கேம்பில் விற்பாள். மணப்பாடு பக்கத்துக் கத்தோலிக்கர்கள். கடல் தண்ணீரை மண்ணெண்ணெய் டின்னில் சுமந்து வந்து, கழுவி, சுவரோரம் கவிழ்ப்பாள். நான் சைவம். ஒரு வருஷம் மூக்கைப் பிடித்துக்கொண்டு மோர்ஸ் தட்டியவன். இன்று சொல்லிவிட்டேன், இனி இங்கே கழுவக்கூடாது என்று.

"ஒரு வருசமா கழுவுதேன் பாபு. இன்னைக்குத்தான் நாத்தம் வந்துச்சாக்கும்?"

"இன்ஸ்பெக்டர் வாராரும்மா."

"அவரு மீனு திங்க மாட்டாரா?"

ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கத் திரும்பினேன். கூடை, டின், அருவாமனை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கப்பல் துறை ஜெட்டிப் பக்கம் போய்விட்டாள். சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். வெறும் கடல் காற்று. என்ன சுகம்.


மார்ச் 10, செவ்வாய்

வெயில். பருப்பில் வண்டு. அரிசியும் முடியப்போகிறது.

8 மணி: நாயர் சுமார் என்கிறார். முள் ஐந்துக்குக் கீழே. 12 மணி: நான்கரை. 5 மணி: நான்கு. ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தடவை கேட்டார். அவர் பேசுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது. அவருடையது பெரிய செட்.

புதுக் கிரிஸ்டல் மேல் சந்தேகம். சூடானால் சோர்ந்து போகிற ரகமோ? நேற்று ஆறு, இன்று நான்கு. புது மாப்பிள்ளை முறுக்கு ஒரே நாள்தானா.

லூர்து காலில் திருக்கை முள் ஏறிவிட்டதாம், சாயங்காலம் வலை இழுக்கும்போது. மில்லில் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் சகஜம்.


மார்ச் 11, புதன்

முள் மூன்று. நாயருக்கு நான் கேட்கவே இல்லை. "லாங் ஐலண்ட், லாங் ஐலண்ட், எதுவும் கேட்கவில்லை" என்று பத்து நிமிஷம் கூப்பிட்டார். நான் இங்கே கையொடியத் தட்டிக்கொண்டிருந்தேன். எதிரில் நின்று கத்தியும் காது கேளாதது போல. வெறுத்துப் போயிற்று.

கிரிஸ்டலைப் பிடுங்கிக் கால்களை ஸ்பிரிட்டில் துடைத்து மறுபடி செருகினேன். மூன்று. செட்டை முதலிலிருந்து டியூன் பண்ணினேன். மூன்று. புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பண்ணினேன். மூணேகால். அந்தக் காலும் என் ஆசையாக இருக்கலாம்.

மத்தியானம் சூசையம்மா வாசலில். மூன்று நாளில் முகம் பாதியாகிவிட்டது.

"பாபு, அவுகளுக்குக் கால் வீங்கிட்டு வருது. காச்சலும் இருக்கு. போர்ட் பிளேருக்குச் சொல்லணும்னு கம்பவுண்டர் சொல்லுதாரு."

செட் பேசவில்லை என்று சொல்லக் கூச்சம். "சாயங்காலம் சொல்லிருதேன்" என்றேன். சொல்ல முடியவில்லை. 5 மணிக்கும் நாயர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தார்.


மார்ச் 12, வியாழன்

மேகம் ஒரு துண்டு கூட இல்லை.

லூர்துவைக் கட்டிலோடு தூக்கி வந்து டிஸ்பென்சரித் தாழ்வாரத்தில் போட்டிருக்கிறார்கள். டிஸ்பென்சரியும் ஸ்டேஷனும் ஒரே வளவு, என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவன் கால் தெரியும். பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். பாதம் பூசணிக்காய் மாதிரி. முழங்காலைத் தாண்டிச் சிவப்பாக ஒரு கோடு ஏறியிருக்கிறது. கம்பவுண்டர் தாஸ் பாபு வங்காளி, நல்ல மனுஷர். காலி ஊசிமருந்துப் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"இஞ்செக்‌ஷன் கதம், பாபு. ஆஸ்பத்திரி போகணும், ஜல்தி. லேட்டானா கால் போகும். ஆளே போகலாம்."

வழி என்ன என்று உட்கார்ந்து யோசித்தோம். பக்கத்து ஊரான ரங்கத்தின் டாக்டர் மெயின்லாண்டுக்கு லீவில் போயிருக்கிறார். மில் மோட்டார் போட் மரத் தெப்பம் இழுக்கப் போய் இன்னும் திரும்பவில்லை. துடுப்புத் தோணியில் போர்ட் பிளேர் போவதற்குள் ஆள் தாங்கமாட்டான். பாக்கி இருப்பது கப்பல் ஒன்றுதான். வடக்கே மாயாபந்தர் போனது சனிக்கிழமை திரும்புகிறது. திரும்பும்போது இங்கே நிற்காது, போர்ட் பிளேர் சொன்னால்தான் நிற்கும். போர்ட் பிளேருக்கு நான் சொல்லவேண்டும். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குள். போன வருஷம் ஒரு தடவை தோணியில் போய்ச் சிவப்புத் துணி காட்டினார்கள், கப்பல் பார்க்காமலே போய்விட்டது.

ஆக, லூர்துவின் கால் இந்த ஒரு முள்ளில் தொங்குகிறது.

பண்ணியவை: பழைய கிரிஸ்டலைப் போட்டுப் பார்த்தேன். அதிலும் மூன்றுதான்! இதே கிரிஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை ஆறு காட்டியது. அப்படியானால் கிரிஸ்டல் குற்றவாளி இல்லை. மூன்று நாள் அதைத் திட்டித் தீர்த்தது வீண். அவுட்புட் வால்வு மாற்றினேன், மூன்று. ஸ்பேரில் இருந்த இன்னொன்று, மூன்று. பாட்டரி முழுச் சார்ஜ். ஏரியல் கம்பியை இறக்கி அங்குலம் அங்குலமாகத் தடவி, முடிச்சில் பச்சைக் களிம்பு பிடித்த இடத்தைச் சுரண்டி, மறுபடி ஏற்றினேன். அது கட்டிய மூங்கிலில் ஏறி இறங்கியதில் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். எர்த் கம்பி பின்சுவர் ஓட்டை வழியாகப் போய் மண்ணுக்குள் புதைத்த செப்புத் தகட்டில் சேருகிறது. இழுத்துப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது. சரி என்று விட்டேன்.

சூசையம்மா கல் கூட்டி டின்னில் கடல் தண்ணீர் காய்ச்சி, பொறுக்கிற சூட்டில் அவன் காலை அதில் வைக்கிறாள். திருக்கை முள்ளுக்கு அவர்கள் கை வைத்தியம். ஆறினதும் அந்தத் தண்ணீரை இடுப்பில் தூக்கிக்கொண்டு வளவைத் தாண்டி, பாதையைத் தாண்டிக் கடற்கரை வரைக்கும் போய்க் கொட்டிவிட்டு வருகிறாள். இன்று எட்டு நடையாவது இருக்கும். எதற்கு அவ்வளவு தூரம் என்று முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது, திங்கட்கிழமை நான் போட்ட உத்தரவு.


மார்ச் 13, வெள்ளி

காலை: முள் இரண்டேமுக்கால்.

8 மணி: நாயர் விடவில்லை. "லாங் ஐலண்ட், நலமா? ஒவ்வொரு மணியும் உனக்காகக் கேட்கிறேன்." அந்த மனுஷனுக்கு டூட்டி மூன்று வேளைதான். முகம் தெரியாதவனுக்காக மணிக்கொருதரம் ஹெட்போன் மாட்டுகிறார். பதில் சொல்ல முடியாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல ஒரு வேதனை கிடையாது.

12 மணி: இல்லை. 1, 2, 3: இல்லை.

லூர்து பிதற்ற ஆரம்பித்துவிட்டான். வலையை இழு, வலையை இழு என்கிறான். சூசையம்மா அழவில்லை. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம், வெள்ளிக்கிழமை, பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று தாஸ் பாபு சொன்னார். என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"பாபு, உள்ளதச் சொல்லுங்க. உங்க பெட்டி பேசுமா, பேசாதா?"

"தெரியலம்மா" என்றேன். இந்த ஒரு வருஷத்தில் அவளிடம் நான் பேசிய முதல் உண்மையான பேச்சு.

நாலு மணி சுமாருக்கு மறுபடி கீயில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை, அதனால் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஜன்னலில் சூசையம்மா ஆறின டின்னை இடுப்பில் ஏற்றுவது தெரிந்தது. இரண்டு அடி வைத்துத் தடுமாறி நின்றாள். எனக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா, அவ்வளவு தூரம் எதுக்கு? இங்கனயே ஊத்துங்க."

"நீங்கதான ஊத்தக்கூடாதுன்னிய."

"சொன்னேன். தப்பு. பழைய இடத்துலயே ஊத்துங்க."

ஊற்றினாள். சளக்கென்று சத்தம். என் வலது கை கீயில், கண் சும்மா மீட்டரில். முள் நகர்ந்தது.

மூன்று. மூன்றரை. நான்கு.

கையை எடுத்துவிட்டேன். மறுபடி அழுத்தினேன். நான்குக்கு மேலேயே நிற்கிறது. மண்டைக்குள் பளீரென்றது. எழுந்து பின்பக்கம் ஓடினேன். சுவரோரம், செப்புத் தகடு புதைத்த இடம், தரை வெடித்துப் பாளம் பாளமாக இருக்கிறது. அவள் ஊற்றின தண்ணீர் அந்த வெடிப்புக்குள் குடுகுடுவென்று இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு வருஷமாக அங்கே ஈரம் காய்ந்து நான் பார்த்ததில்லை. ஈரம் இருந்தால்தான் தகட்டிலிருந்து கரண்ட் மண்ணில் இறங்கும், காய்ந்த மண்ணில் எர்த் இல்லை. எர்த் இல்லாத செட் எத்தனை கத்தினாலும் பக்கத்துத் தீவுக்குக் கூடப் போகாது. திங்கட்கிழமை நான் மாற்றியது இரண்டு சமாசாரம். கிரிஸ்டலை மாற்றினேன், சூசையம்மாவை விரட்டினேன். கிரிஸ்டலை மட்டும் சந்தேகப்பட்டேன்.

"இன்னொரு டின் ஊத்துங்கம்மா."

"என்ன பாபு?"

"கடல் தண்ணி. எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

என்னைப் பார்த்த பார்வையில் காய்ச்சல் எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்தாள் போலிருக்கிறது. அதற்கப்புறம் நான் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை, ஆளுக்கொரு டின்னை எடுத்தோம். தாஸ் பாபு ஒரு வாளியோடு வந்தார். மில் ஷிப்ட் விட்டு வந்தவர்கள், தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், ஏன் எதற்கு என்று கேட்காமல் கடற்கரையிலிருந்து வரிசை கட்டி நின்று கை மாற்றிக் கொடுத்தார்கள். "பாபுகா தீவார் பியாசா ஹை" என்று ஒருவர் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். பாபுவின் சுவருக்குத் தாகமாம். சிரிக்கட்டும். நான் உள்ளே ஓடுவதும் முள்ளைப் பார்ப்பதும் வெளியே ஓடுவதுமாக இருந்தேன். ஐந்து. ஐந்தரை. எத்தனை டின் என்று யாரும் எண்ணவில்லை.

5 மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னால், ஆறு.

கூப்பிட்டேன். கூப்பிட்டு முடிக்கவில்லை, நாயர் குறுக்கே பாய்ந்தார். "எங்கே போனாய்?" அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று சேதியைத் தட்டினேன். நோயாளி, விஷமேறிய கால், கப்பலை நிறுத்தவும், அவசரம். ஒரு எழுத்து விடாமல் திருப்பிப் படித்தார். பன்னிரண்டு நிமிஷம் காத்திருந்தோம். ஸ்டேஷன் வாசலில் ஈரத் துணியோடு இருபது பேர்.

பதில்: கப்பலுக்குச் சொல்லியாயிற்று. நாளை லாங் ஐலண்டில் நிற்கும். ஊசிமருந்து கப்பலிலேயே இருக்கிறது.

வாசலுக்கு வந்து சொன்னேன். சூசையம்மா எனக்கு ஒரு கும்பிடு, மீட்டருக்கு ஒரு கும்பிடு போட்டாள். எனக்கு எதற்கு? நான் அவள் காலில் விழவேண்டியவன்.

நெல்லையப்பா, உனக்கும் ஒரு நன்றி. சட்டையெல்லாம் மீன் வாடை.


மார்ச் 14, சனி

கப்பல் 9.40க்கு வந்து நின்றது. அலை இல்லை. கட்டிலோடு ஏற்றினோம். ஏற்றியதும் முதல் ஊசி போட்டார்கள், அதை ஜெட்டியிலிருந்து பார்த்த பிறகுதான் தாஸ் பாபு உட்கார்ந்தார். சூசையம்மா கூடவே போகிறாள். ஏணியில் கால் வைத்தவள் திரும்பி என்னைப் பார்த்து:

"பாபு, நான் வர நாளாவும். சுவருக்கு யாரு ஊத்துவா?"

"நான் ஊத்துதேன்."

"டின்னு மேடைக்கு அடியில கெடக்கு. ஒரு டின்னு பத்தாது. காலையில ரெண்டு."

புருஷன் உயிருக்குக் கிடக்கிறான், இவளுக்கு என் சுவர் ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வந்து எனக்கு முன்னால் இருந்த ஆபரேட்டர் எழுதி வைத்துப்போன குறிப்பைத் தேடி எடுத்தேன். நாலாவது வரி: "பின்சுவருக்குத் தினமும் இரண்டு டின் தண்ணீர். தவறவேண்டாம்." வந்த அன்றே படித்ததுதான். அப்போது பின்சுவரோரம் ஒரு பப்பாளி நின்றது. அதற்குத்தான் ஊற்றச் சொல்கிறார், பாவம், பப்பாளி மேல் ஆசை என்று நினைத்தேன். மே மாதக் காற்றில் பப்பாளி விழுந்தது. வேலை விட்டது என்று அந்த வரியை அடித்தேன். அடித்த கோடு நேராக, ஸ்கேல் வைத்து, என் கையெழுத்தோடு இருக்கிறது.

கணீர் கணீர் என்று நாயர் புகழ்ந்ததெல்லாம் யாருக்குச் சேரவேண்டியது? கோமதிக்கு எழுதிய இரண்டு கடிதத்தையும் இனித் திருத்த முடியாது. மூன்றாவதில் உள்ளதை எழுதுவேன்.


மார்ச் 15, ஞாயிறு

இரண்டு டின். கடற்கரையிலிருந்து சுவருக்கு நூற்று நாற்பது அடி வைக்கவேண்டியிருக்கிறது. பாதியிலேயே தோள்பட்டை கழன்றுவிட்டது. அவள் கூடையும் சேர்த்துத் தூக்கி வந்தவள்.

நாயரிடம் உள்ளதைச் சொன்னேன். சிரிப்புக்கு நாங்கள் வைத்திருக்கிற அடையாளத்தை மூன்று தடவை தட்டினார். போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் அவர் வீடு ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தான் என்றும் அவர் வீட்டம்மா சூசையம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோகிறாள் என்றும் சொன்னார். கேட்காமல் செய்கிறவர்கள். எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், உங்கள் சிக்னல் அருமை என்று தட்டி வைத்தேன்.


மார்ச் 16, திங்கள்

இரண்டு டின். முள் ஆறு. உளுந்து தீர்ந்தது. வேட்டியில் பெயிண்ட் போகாது.

பழுது ரிப்போர்ட் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி. "கோடை வறட்சி" என்று எழுதலாம், பொய்யில்லை. தாஸ் பாபு தோள் வழியே எட்டிப் பார்த்து "லிக்கோ, லிக்கோ" என்றார், எழுதிவிடு என்று. எழுதினேன்: எர்த் காய்ந்தது. காய விட்டவர் ஆபரேட்டர். சரிசெய்தவர் என்ற கட்டத்தில் சூசையம்மா, மீன் வியாபாரம், லாங் ஐலண்ட். இன்ஸ்பெக்டர் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.


மார்ச் 18, புதன்

இரண்டு டின். தெற்கே ஒரு மேகம். வரும்போல் இருந்து வரவில்லை.

12 மணி: நாயர். லூர்துவுக்குக் காய்ச்சல் விட்டது. சிவப்புக் கோடு இறங்கிவிட்டது. சுண்டுவிரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள், கால் தப்பியது. கஞ்சி போதும், மீன் வேண்டும் என்கிறானாம்.

கண்ணில் தண்ணீர் வந்தது. இங்கே யாரும் பார்க்கவில்லை, எழுதலாம்.

கூடவே சூசையம்மா சொல்லியனுப்பியது. நாயர் தமிழிலேயே எழுத்துக் கூட்டி அனுப்பினார்: "பாபு சுவருக்கு ஊத்துதாரா? இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போற வரைக்கும் நான் ஜெட்டியிலயே கழுவிக்கிடுதேன்."

பதில் தட்டினேன்: வேண்டாம். சுவருக்கே வாருங்கள். அவர் வருகிற அன்று கட்டாயம் வாருங்கள்.


மார்ச் 19, வியாழன்

மேகம் கலைந்துவிட்டது. வெயில்.

6.30: இரண்டு டின். டின்னில் மீன் வாடை, இத்தனை நாளாகக் கழுவவில்லை. முள் ஆறு.